மறுநடவு மண்ணில் கிடைத்த பட்டாளப் பொத்தானும் தோட்டாவும்: காலத்தைக் கண்டுபிடிக்க எந்த வழி உங்களுக்குச் சரி?

போன இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கம் செம்பனை மறுநடவில் எக்ஸ்கவேட்டர் ஓட்டும் தம்பி. பக்கெட் கிளறிய மண்ணில் நான்கு ஓட்டைப் பொத்தான்கள் ஐந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். இன்னொருவர் ஓய்வு பெற்ற அக்கா. அவருடைய தாத்தா மலாயா அவசரகாலத்தில் (1948-60 கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) தோட்டத்தில் எஸ்.சி., அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலை பார்த்தவர், அவர் விட்டுப் போன மைலோ டின்னில் பித்தளைப் பொத்தான்களும் தோட்டாக்களும் கலந்து கிடக்கின்றன. மூன்றாமவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மாணவர்கள் தோட்டத்தில் பொறுக்கி வந்த காலிக் கூடுகளை வைத்துக் கண்காட்சி மேசை ஒன்று போட நினைக்கிறார். மூவரும் கேட்டது இதுதான்: இது எந்தக் காலம் என்று தெரிந்துகொள்ள நாமே உட்கார்ந்து பார்ப்பதா, இணையத்தில் படம் போட்டுக் கேட்பதா, அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதா, பழம்பொருள் கடையில் காட்டுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியாகப் பெரிய சாலையில் இறங்கி, 11-வது இந்தியப் படைப்பிரிவின் இரண்டு பிரிகேடுகளைச் சில மணி நேரத்தில் சிதறடித்தன. ஹைதராபாத், பஞ்சாப் ரெஜிமென்ட்காரர்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையினர் எல்லாம் கித்தா (ரப்பர்) மரங்களுக்கு நடுவே சிதறி ஓடினார்கள்; க்ளூனி தோட்டத்துச் சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்த கூர்க்காக்களை டாங்கிகள் பின்னாலிருந்து வந்து பிடித்தன. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் கம்பாரில் நான்கு நாள் சண்டை. அப்புறம் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். அதாவது ஒரே மண்ணில் இரண்டு காலத்துப் பித்தளை கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது.

## முதலில், எதை வைத்து எடை போடுவது?

உயிரும் சட்டமும். இது எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டும். தோட்டா, குண்டு, கூடு என்ற மூன்று சொற்களை நான் பிரித்தே எழுதுகிறேன். சுட்டபின் துப்பாக்கியிலிருந்து வெளியே விழுவது கூடு. பறந்துபோய் எங்கோ புதைந்தது குண்டு. இரண்டும் சேர்ந்து, உள்ளே மருந்தோடு, சுடப்படாமல் இருப்பது தோட்டா. கூட்டின் அடியில் நடுவே சின்ன வட்டமாக ஒரு கேப் இருக்கும். அதில் ஊசி குத்திய பள்ளம் இருந்து, வாயும் திறந்து காலியாக இருந்தால் அது வெறும் கூடு. குண்டு இன்னும் வாயில் உட்கார்ந்திருந்தால், கேப்பில் பள்ளம் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, உயிருள்ள தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்தும் வெடிக்காமல் நின்றது இன்னும் மோசம். எண்பது வருடம் மண்ணில் கிடந்ததால் மருந்து செத்துப் போயிருக்கும் என்று நம்பிக் குண்டைப் பிடுங்குவது, சூடு காட்டுவது, துளை போடுவது எதுவும் வேண்டாம். அனுமதி இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்: ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். கையெறி குண்டு, மோர்ட்டார் குண்டு மாதிரி எதுவும் கண்ணில் பட்டால் தொடவே கூடாது, தள்ளி வந்து 999-ஐ அழையுங்கள்.

இடம் பற்றிய தகவல். பொத்தான் என்ன என்பதைவிட எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் கதையைச் சொல்லும். எந்த வழி அந்தத் தகவலைக் காப்பாற்றுகிறது, எது அழிக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். நான்கு வழிகளையும் நான் முக்கியமாக இதை வைத்துத்தான் அளக்கிறேன்.

உறுதி, காசு, நேரம். பதில் எவ்வளவு நம்பகமானது, கைக்காசு எவ்வளவு போகும், எத்தனை நாள் ஆகும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

## வழி 1: வீட்டு மேசையில் நாமே பார்ப்பது

தேவையானவை கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர், 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு டார்ச். எல்லாம் சேர்த்தும் பெரிய செலவு இல்லை.

பொத்தானில் முதலில் கிரீடத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் பாணிப் பொத்தான் என்றால் பெரும்பாலும் கிரீடம் இருக்கும், அதன் வளைவுகள் உச்சியில் எழும்பிக் குவிமாடம்போல் உருண்டிருந்தால் அது 1901 முதல் 1952 வரையிலான அரசர் கிரீடம். வளைவுகள் நடுவில் கீழே குழிந்து இரண்டு தோள்போல் நின்றால் 1953-க்குப் பிந்திய எலிசபெத் அரசியின் கிரீடம். எங்கள் பக்கம் இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை முடித்துவிடும், ஏனென்றால் அவசரகாலம் இரண்டு கிரீடத்தையும் தொட்டு நிற்கிறது. குழிந்த கிரீடம் கொண்ட பொத்தான் 1942 சண்டையில் விழுந்திருக்கவே முடியாது என்று சொல்லலாம்போல இருக்கும். அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. விக்டோரியா அரசி காலத்துப் பொத்தான்களிலும் குழிந்த வளைவு உண்டு, அதனால் முன்பக்கத்தோடு நிற்காமல் பின்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். தவிர 2022-க்குப் பிறகு சார்லஸ் அரசர் எழும்பிய கிரீடத்தையே மறுபடியும் எடுத்துக்கொண்டார், ஆகவே பளபளவென்று புதிதாக இருக்கும் அரசர் கிரீடப் பொத்தானைப் பார்த்து உடனே ஜப்பான் காலம் என்று முடிவு கட்டாதீர்கள்.

பின்பக்கத்தில் கம்பி வளையத்தைச் சுற்றித் தயாரிப்பாளர் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். லண்டன் ஃபிர்மின், பர்மிங்காம் ஸ்மித் அண்ட் ரைட், காண்ட் போன்றவை அடிக்கடி வரும் பெயர்கள். 'பட்டன்ஸ் லிமிடெட்' என்று இருந்தால் 1907-க்கு முன் இருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அந்த நிறுவனமே அந்த வருடம்தான் பல பொத்தான் பட்டறைகள் சேர்ந்து உருவானது. ஒரே தகடாகத் தட்டையாக இருப்பது பழசு. முன் ஓடும் பின் தகடும் மடித்துச் சேர்த்து உள்ளே வெற்றிடமாக இருப்பது பிந்தியது. எடையே இல்லாமல், பொன்னிற மினுமினுப்போடு, மண்ணில் கிடந்தும் பச்சை பிடிக்காமல் இருந்தால் அது நிறமேற்றிய அலுமினியம்; அது 1950-களில்தான் வருகிறது. நங்கூரமும் செர்ரிப்பூவும் சேர்ந்திருந்தால் ஜப்பானியக் கடற்படை.

ஒன்று சொல்ல வேண்டும், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் கிடைக்கும் பித்தளைப் பொத்தான் எல்லாம் பட்டாளத்தினுடையது இல்லை. எஃப்.எம்.எஸ்.ஆர். என்ற எழுத்து இருந்தால் அது ரயில்வே. தபால்காரர், போலீஸ், காவலாளி எல்லாருக்கும் பித்தளைப் பொத்தான் இருந்தது. பட்டாளப் பொத்தானே ஆனாலும் போட்டிருந்தவர் பட்டாளத்தாராக இருக்க வேண்டும் என்பதில்லை. போருக்குப் பின் பழைய பட்டாள உடுப்புகள் சந்தைக்கு வந்தன. என் பாட்டி விடியற்குளிரில் பால் வெட்டப் போகும்போது அப்படி ஒரு கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவார், அது அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கும். அந்தக் கோட்டின் பொத்தான் ஒன்று நிரைக்குள் விழுந்திருந்தால் இன்று அதை எடுப்பவர் அங்கே சண்டை நடந்தது என்று எழுதிவிடுவார். மறுபக்கம், 1941-42-இல் மலாயாவில் சண்டை போட்டவர்கள் காக்கிச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாகத்தான் இருந்தார்கள், அவற்றில் இருந்தவை பெரும்பாலும் எழுத்தே இல்லாத நான்கு ஓட்டைப் பொத்தான்கள். போர்க்களத்தின் உண்மையான பொத்தான் அந்த எளிய பொத்தான்தான், அதைத்தான் நாம் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

இனி கூடுகள். அடிப்பக்கத்தைச் சாய்வான டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், எழுத்து தெரியவில்லை என்றால் கொஞ்சம் முகப்பவுடரைத் தடவித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளையாக நின்று காட்டும். பிரிட்டிஷ் .303 கூட்டில் தயாரித்த ஆலையின் எழுத்து, வருடம், ரகம் மூன்றும் இருக்கும். ரோமன் ஏழு என்றால் 1910 முதல் வந்த ஏழாம் ரகம், நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான். அதன் பக்கத்தில் ஆங்கிலத்தின் கடைசி எழுத்து இருந்தால் உள்ளே நூல் நூலாக இருக்கும் கார்டைட்டுக்குப் பதில் வேறு மருந்து. கே.எஃப். என்றால் புனேவுக்குப் பக்கத்திலுள்ள கிர்க்கி ஆலை, இந்தியப் படைகள் வந்த பாதையில் இது நிறையக் கிடைக்கும். எம்.எஃப். ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்க்ரே, ஆர்.ஜி. இங்கிலாந்தின் ராட்வே கிரீன்.

அடியில் எழுத்தே இல்லை, கூடு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீளம், வாய் குறுகலாக ஆறரை மில்லிமீட்டர் பக்கம் என்றால் அது ஜப்பானிய 38-ஆம் ரகத் துப்பாக்கியினுடையது. ஜப்பானிய ராணுவம் துப்பாக்கிக் கூடுகளில் பொதுவாக எதுவும் பொறிக்கவில்லை. ஆனால் எழுத்து அரித்துப் போனதையும் எழுத்தே இல்லாததையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அதற்குத்தான் காலிப்பர். .303 கூடு 56 மில்லிமீட்டர், அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 58 மில்லிமீட்டர், விளிம்பு நீட்டாமல் இருந்தால் ஜப்பானிய 99-ஆம் ரகம். குட்டையாக 23 மில்லிமீட்டர் அளவில் பருமனாக இருந்தால் தாம்சன் துப்பாக்கியின் .45, 19 மில்லிமீட்டர் என்றால் ஸ்டென் போன்றவற்றின் 9 மில்லிமீட்டர், 33 என்றால் அமெரிக்கக் கார்பைன். 51 மில்லிமீட்டர் நேட்டோ ரகம் 1950-களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. 45 மில்லிமீட்டர் நீளத்தில் ஒல்லியாக இருப்பது எம்-16 வகையறா. அது ஜப்பான் காலமும் இல்லை அவசரகாலமும் இல்லை, 1968-க்குப் பிறகு 1989 ஹாட்யாய் சமாதான உடன்படிக்கை வரை நடந்த கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது கிளர்ச்சியையோ ராணுவப் பயிற்சியையோ நினையுங்கள். பித்தளை அடியும் காகித அல்லது பிளாஸ்டிக் உடலும் கொண்ட பன்னிரண்டாம் நம்பர் கூடு வேட்டைத் துப்பாக்கியினுடையது. துரை பன்றி சுட்டிருப்பார், அதைப் போர்க்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குண்டு தனியாகக் கிடைத்தால் இன்னும் கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. .303-ம் ஜப்பானிய 7.7-ம் விட்டத்தில் ஏறத்தாழ ஒன்றே, எடையும் நெருக்கம்: .303 ஏழாம் ரகம் 11.3 கிராம், ஜப்பானிய 99-ஆம் ரகம் அரை கிராம் கூட. மண்ணில் அரித்த குண்டில் அந்த அரை கிராமை நம்ப முடியாது. குண்டின் உடலில் ஓடும் சாய்வான கீறல்களை எண்ணுங்கள். ஐந்து கீறல், இடப்பக்கம் முறுக்கு என்றால் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி. நான்கு கீறல், வலப்பக்கம் முறுக்கு என்றால் ஜப்பானியத் துப்பாக்கியாக இருக்க நல்ல வாய்ப்பு. போர்க்காலத்து நான்காம் நம்பர் என்ஃபீல்டில் இரண்டே கீறல்கள் உள்ளதும் உண்டு. முன்சொன்ன எதிலும் சேராமல் முழு ஈயமாக, வெள்ளைப் பூச்சுப் பிடித்து, உருண்டையாக இருந்தால் 19-ஆம் நூற்றாண்டுக்கோ அதற்கு முன்புக்கோ போகலாம். பாசிர் சாலாக்கில் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டது 1875-இல், அதைத் தொடர்ந்த பேராக் போர் தெலுக் இந்தான் பக்கத்து ஆற்றோரங்களில் நடந்தது. அந்த வெள்ளைப் பூச்சு நஞ்சு, கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வருடத்தைப் புரிந்துகொள்ளும் விதம். கூட்டில் இருப்பது செய்த வருடம், சுட்ட வருடம் இல்லை. 1918 என்று போட்டது 1942-இல் சுடப்பட்டிருக்கலாம். ஆகவே வருடம் ஒரு பக்கத்தை மட்டும்தான் பூட்டும்: அதற்கு முன் இல்லை. அந்தப் பூட்டு சில நேரம் பெரிய வேலை செய்யும். சிலிம் ரிவரில் 1943 என்று போட்ட .303 கிடைத்தால் அது டாங்கிச் சண்டையினுடையது இல்லவே இல்லை. 1944-45-இல் ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படை வானத்திலிருந்து போட்ட ஆயுதங்களாக இருக்கலாம், அல்லது அவசரகாலம். 1941 என்று இருந்தால் சண்டையாகவும் இருக்கலாம், அல்லது சண்டை முடிந்தபின் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் போர்க்களத்தில் பொறுக்கிச் சேர்த்த துப்பாக்கியிலிருந்து பல வருடம் கழித்துச் சுட்டதாகவும் இருக்கலாம். நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) விஷயமும் இப்படித்தான். அவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் பிடிபட்ட பிரிட்டிஷ் துப்பாக்கிகள், அதனால் கூட்டை வைத்து 'இது நேதாஜி படையினுடையது' என்று சொல்ல வழியே இல்லை. தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார் என்பதைக் கூடு நிரூபிக்காது. ஒரு கடிதமோ படமோ வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: சுத்தம் செய்யும் ஆசை. வீட்டில் யாராவது குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். ரப்பர் ஸ்டோரில் பால் உறைய ஊற்றும் ஆசிட்டில் ஊறப்போட்டவரையும் பார்த்திருக்கிறேன், எடுக்கும்போது பின்பக்க எழுத்து சுத்தமாக மறைந்திருந்தது. முலாம் போனால் திரும்ப வராது. வெறும் தண்ணீர், மென்மையான பல்துலக்கி, பல்குத்தும் குச்சி போதும். நன்றாக உலர்த்திக் காகித உறையில் போட்டு மேலே எத்தனாம் நம்பர் காடு, எந்த வரிசை, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

இது யாருக்கு நல்லது: எழுத்து தெரிகிற கூடுகளும் கிரீடப் பொத்தான்களும் வைத்திருப்பவர்களுக்கு. பத்தில் ஆறேழை ஒரே மாலையில் பிரித்துவிடலாம்.

## வழி 2: இணையக் குழுக்களில் படம் போட்டுக் கேட்பது

காசில்லை, வேகம் அதிகம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நாற்பது வருடமாகப் பொத்தான் மட்டுமே சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல படம் போட்டால் ரெஜிமென்டின் பெயரோடு ஒரு மணி நேரத்தில் பதில் வரும். காட்டுப்பூனையும் பன்றித்தலையும் சேர்ந்த சின்னத்தைப் பார்த்ததும் ஆர்கைல் படை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. படம் என்றால் மூன்று: அடிப்பக்கம் நேராக, பக்கவாட்டில் அளவுகோலோடு, பின்பக்கம் சாய்ந்த வெளிச்சத்தில். உள்ளங்கையில் வைத்து எடுத்த மங்கலான படத்துக்கு வரும் பதிலும் மங்கலாகத்தான் இருக்கும். கைப்பேசியில் படத்தைக் காட்டினால் தானே பெயர் சொல்லும் செயலிகளை நான் நம்பவில்லை, ரயில்வே பொத்தானை அவை பட்டாளம் என்கின்றன.

இங்கே மறைந்திருக்கும் செலவு பெரியது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இடத்தின் பெயரைப் போட்டீர்கள் என்றால் அடுத்த வாரம் ராத்திரியில் உலோகம் தேடும் டிடெக்டரோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். நான் ஒருமுறை ஒரு படத்தில் பின்னால் தெரிந்த பாலத்தை மறைக்காமல் போட்டுவிட்டேன். பத்து நாளில் அந்த ஆற்றங்கரை முழுக்கக் குழி. அங்கே என்ன இருந்தது, எதோடு எது கிடந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பேராக், மலேசியா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயிருள்ள தோட்டாவின் படத்தைப் போடுவதும் வேண்டாம், அது உங்களிடம் இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் இடக்குறிப்பு அழிந்து, படமும் சுருங்கிவிடும். அசலைக் கைப்பேசியில் பத்திரமாக வைத்திருங்கள்.

இது யாருக்கு நல்லது: ரெஜிமென்ட் சின்னம் உள்ள, ஆனால் நம்மால் பெயர் சொல்ல முடியாத ஒன்றிரண்டு பொத்தான்களுக்கு.

## வழி 3: அருங்காட்சியகம், மாவட்ட அலுவலகம்

2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டப்படி, பாரம்பரிய மதிப்பு இருப்பதாக நினைக்கக் காரணமுள்ள பொருளைக் கண்டெடுத்தவர் பாரம்பரிய ஆணையருக்கோ அந்த மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். சிலிம் ரிவர்க்காரர்களுக்கு அது முவாலிம் மாவட்டம். 2016-க்கு முன் பத்தாங் பாடாங்கோடு இருந்தது, பழைய ஆவணம் தேடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஒரு காலிக் கூட்டுக்காக யாரும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்தில் பல பொருள்கள் சேர்ந்து கிடந்தால், பெயரோ எண்ணோ பொறித்தது கிடைத்தால், எலும்பு மாதிரி எதுவும் தெரிந்தால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே கூடாது.

அறிவுக்கென்று போவதானால் தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், போர்ட்டிக்சனில் ராணுவ அருங்காட்சியகம், கோலாலம்பூரில் போலீஸ் அருங்காட்சியகம். எஸ்.சி., போலீஸ் சம்பந்தப்பட்ட பொத்தான் என்றால் கடைசியாகச் சொன்ன இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும், யாரையும் கேட்கக்கூட வேண்டாம்.

செலவு நேரம்தான். ஓர் அலுவலகத்தில் நான் மூன்று பொத்தான்களை ரசீது வாங்காமல் கொடுத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தேன். வாங்கியவர் மாற்றலாகிப் போய்விட்டார், கடைசியில் இரண்டுதான் திரும்பி வந்தன. முதலில் படத்தையும் எழுத்துக் குறிப்பையும் கொடுங்கள், பொருளைக் கேட்டால் கையெழுத்திட்ட ரசீதோடு கொடுங்கள். பாரம்பரியப் பொருள் என்று தீர்மானமானால் அது உங்கள் கைக்குத் திரும்பாமல் போகலாம், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போக வேண்டும். ஆனால் நான்கு வழிகளில் இடத் தகவலைப் பொருளோடு சேர்த்துப் பதிவு செய்து வைப்பது இது ஒன்றுதான்.

## வழி 4: பழம்பொருள் கடை

விலை தெரியும், காலம் தெரியாது. கடைக்காரர் சொல்லும் காலம் விற்கத் தோதான காலமாக இருப்பதை நான் நிறையத் தடவை பார்த்துவிட்டேன். எதைக் காட்டினாலும் 'ஜப்பான் காலம்' என்பார்கள், அதற்குத்தான் மதிப்பு. அங்கே புளி, பித்தளை பாலிஷான பிராஸோ எல்லாம் போட்டுப் பளபளப்பாக்கியும் விடுவார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும், எங்கே கிடைத்தது என்று யாருக்கும் தெரியாத, தயக்கமில்லாமல் விற்க விரும்பும் பொருளுக்கு மட்டும் சரி. மண்ணிலிருந்து எடுத்ததற்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | நாமே | இணையக் குழு | அருங்காட்சியகம் / மாவட்ட அலுவலகம் | கடை |
|---|---|---|---|---|
| கைக்காசு | கருவிகளுக்குக் கொஞ்சம் | இல்லை | பயணச் செலவு | இல்லை |
| நேரம் | ஒரு மாலை | மணி நேரம் முதல் ஓரிரு நாள் | வாரங்கள், மாதங்கள் | பத்து நிமிடம் |
| உறுதி | எழுத்து தெரிந்தால் நன்று | சின்னத்துக்கு மிக நன்று, கூட்டுக்குச் சுமார் | நிபுணர் கிடைத்தால் மிக நன்று | குறைவு |
| இடத் தகவல் | நீங்கள் எழுதினால் நிற்கும் | கசியும் | பதிவாகும் | தொலையும் |
| மறைந்த செலவு | தேய்த்துக் கெடுப்பது | குழி தோண்டுகிறவர்கள் | பொருள் திரும்பாமல் போகலாம் | கட்டுக்கதை |
| உயிருள்ள தோட்டா | வேண்டாம், 999 | வேண்டாம், 999 | எடுத்துப் போகக் கூடாது, 999 | வேண்டாம், 999 |

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

ஆசிரியருக்கு முதல் வழிதான். மாணவர்களே அளக்கட்டும், எழுதட்டும், காலிப்பர் பிடிக்கப் பழகட்டும். ஆனால் கூடுகளைத் தோட்டத்திலிருந்து பொறுக்கி வரச் சொல்லாதீர்கள் என்றேன், பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டுக்கும் தோட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்கள் கொண்டுவந்ததில் ஒவ்வொன்றையும் அவர் பார்த்துவிட்டார், எல்லாம் காலி.

அக்காவின் டின்னில் அப்படியில்லை. மேலாக ஒரு .303, குண்டு வாயிலேயே இருந்தது. டின்னைக் கொட்டாமல், குலுக்காமல், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டுப் போலீஸை அழைக்கச் சொன்னேன். தாத்தா விட்டுப்போனது, தானாகவே தகவல் கொடுக்கிறேன் என்று அவர் தெளிவாகச் சொன்னார். வந்தவர்கள் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு பொத்தான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறு பொத்தான்கள். நான்கில் எழும்பிய கிரீடம், இரண்டில் குழிந்த கிரீடம், பின்பக்க எழுத்தும் பழங்காலத்தது இல்லை. அப்படியானால் தாத்தாவோ வேறு யாரோ 1953-க்குப் பிறகும் அந்தச் சீருடையில் இருந்திருக்கிறார்கள். தாத்தா 1951-லேயே வேலையை விட்டுவிட்டார் என்று குடும்பத்தில் சொல்லி வந்தார்களாம், இப்போது அக்கா பழைய படங்களைத் தேட ஆரம்பித்திருக்கிறார். அவருக்குப் போலீஸ் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய்வருவது நல்லது.

எக்ஸ்கவேட்டர் தம்பிதான் தயங்கினார். எழுத்தே இல்லாத ஐந்து பழுப்புப் பொத்தான்கள், எந்தக் கடையிலும் காசு பெறாது, எந்தக் குழுவிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் காட்டிய படத்தில் அவை ஒரே கோட்டில், ஏறத்தாழ ஒரே இடைவெளியில் கிடந்தன. அப்படிக் கிடந்தால் அது ஒரு சட்டை. சட்டை தனியாகவும் கிடக்கலாம், ஆள் இல்லாமல். தைப்பிங் போர்க் கல்லறையில் பெயர் தெரியாதவர்களின் கல்லறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, கல்லறையே தெரியாதவர்களின் பெயர்கள் 24,000-க்கு மேல் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருக்கின்றன, அதில் சிலிம் ரிவரில் காணாமல் போனவர்களும் உண்டு.

பொத்தான்களை அவர் எடுக்கவில்லை. இரண்டு செம்பனை மட்டைகளைக் குறுக்காக நட்டு, கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, இயந்திரத்தை நான்கு வரிசை தள்ளி ஓட்டுகிறார். அன்று மாலையே இருவரும் மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிட்டோம். நாளை காலை மூவருமாகப் போலீஸ் நிலையம், அங்கிருந்து மாவட்ட அலுவலகம்.